உள்ளே யாரும் இல்லை

தினமும் காலை பத்து மணிக்கு நாங்கள் ஆறு பேரும் பலகைக்கு முன்னால் வட்டமாக நிற்போம். உட்காரக் கூடாது. உட்கார்ந்தால் பேச்சு நீளும், நின்றால் கால் வலிக்கும், அதனால் சீக்கிரம் முடியும் என்று ஏற்பாடு. ஆளுக்கு மூன்று கேள்வி. நேற்று என்ன செய்தாய்? இன்று என்ன செய்யப் போகிறாய்? தடை ஏதாவது உண்டா? மூன்றாவது கேள்விக்கு ஆறு பேரும் ஒரே பதிலைத்தான் சொல்வோம். "குச் நஹி." ஒன்றும் இல்லை. பல் தேய்ப்பது மாதிரி பழகிப்போன பதில். நானும் அதையே சொன்னேன். நான்கு வாரம், ஒவ்வொரு காலையும், தெரிந்தே சொன்னேன். இன்றைக்கு நினைத்தாலும் அந்த வாயில் சூடு வைத்துக்கொள்ள வேண்டும்போல் இருக்கிறது.

இரண்டாயிரங்களின் நடுவில் நடந்தது இது. புனேயில், ஹடப்சரில் ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியில் எங்கள் அலுவலகம். நான் கட்கியில் பிறந்து வளர்ந்தவள். வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் இந்தி, மார்க்கெட்டில் மராத்தி. எனக்கு ஒரே அண்ணன், ஆறு வயது பெரியவன். ஐ.டி.ஐ. முடித்துப் போசரியில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தான். பெண்பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் படிப்பு எதற்கு என்று வீட்டில் இழுத்தபோது, "அது படிக்கட்டும், நீங்க சும்மா இருங்க" என்று எனக்காகச் சண்டை போட்டவன் அவன்தான். நான் எந்த வேலை பார்க்கிறேன் என்பது அவனுக்குப் பாதி புரியாது. ஆனால் ஆலையில் யாராவது கேட்டால், "என் தங்கச்சி கம்ப்யூட்டருக்கே சொல்லிக் குடுக்குது" என்பானாம். இதைச் சொல்லிச் சொல்லி அண்ணி அவனைக் கிண்டல் பண்ணுவாள்.

அவன் வேலை பார்த்தது பெயிண்ட் லைனில். கார், டெம்போவுக்கான இரும்புப் பாகங்களைக் கொக்கியில் மாட்டிவிட்டால், மேலே ஓடும் சங்கிலி அவற்றை ஒரு நீளமான இரும்புக் கூண்டுக்குள் இழுத்துக்கொண்டு போகும். உள்ளே கழுவி, பெயிண்ட் அடித்து, காய வைத்து மறுபக்கம் தள்ளும். சங்கிலி அடிக்கடி சிக்கும். சிக்கினால் லைனை நிறுத்திவிட்டு ஃபிட்டர் கூண்டுக்குள் நுழைந்து சரிசெய்ய வேண்டும். வெளியே ஸ்விட்ச் பக்கத்தில் நிற்கிற ஆபரேட்டருக்கு உள்ளே இருப்பவன் தெரியமாட்டான். கூப்பிட்டாலும் அந்த இரைச்சலில் கேட்காது.

அதனால் ஸ்விட்சுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு மரப்பலகை. அதில் வரிசையாக ஆணிகள். ஒவ்வொரு ஃபிட்டருக்கும் நம்பர் குத்திய ஒரு பித்தளை டோக்கன். உள்ளே போகிறவன் தன் டோக்கனை ஆணியில் மாட்டிவிட்டுப் போவான். வெளியே வந்தால் எடுத்துக்கொள்வான். ஆணியில் ஒரு டோக்கன் தொங்கினாலும் ஆபரேட்டர் ஸ்விட்சைத் தொடமாட்டார். அண்ணனின் நம்பர் பதினான்கு. அவ்வளவுதான் விஷயம். இருபது வருஷமாக அந்தப் பலகையால் ஒருவனுக்கும் ஒரு கீறல் விழவில்லை.

அந்தப் பலகைக்கு வேட்டு வைத்தது நாங்கள். பார்வையிட வந்த வெளிநாட்டு வாடிக்கையாளர் யாரோ, யார் எப்போது உள்ளே போனார்கள், எப்போது வந்தார்கள் என்பதற்குக் கம்ப்யூட்டர் பதிவு வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனாராம். ஆலை மேனேஜர் ஆள் தேடியபோது அண்ணன் முந்திக்கொண்டு என் கம்பெனியைச் சொல்லியிருக்கிறான். கார்டைத் தட்டிவிட்டு உள்ளே போக வேண்டும், வந்ததும் தட்ட வேண்டும். உள்ளே இருப்பவர்களின் பெயர் திரையில் சிவப்பில் தெரியும். யாரும் இல்லையென்றால் பச்சையில் "உள்ளே யாரும் இல்லை" என்று இந்தியில் வரும். அப்போதுதான் ஸ்விட்ச் வேலை செய்யும். அந்தப் பச்சை வாக்கியத்தைத் தட்டச்சு செய்தவள் நான்.

எங்கள் மேனேஜர் அப்போதுதான் பெங்களூரில் இரண்டு நாள் பயிற்சிக்குப் போய்விட்டு வந்திருந்தார். அஜைல் என்ற புது முறை. கைநிறைய ஒட்டும் சீட்டுகளோடும் தடித்த பேனாக்களோடும் வந்து இறங்கினார். ஆறு மாதத்துக்குத் திட்டம் போட்டு, கடைசி மாதத்தில் தலையில் கைவைத்துக்கொண்டு உட்காராமல், இரண்டு இரண்டு வாரமாக வேலையை வெட்டிக்கொள்ள வேண்டும். அதற்கு ஸ்பிரிண்ட் என்று பெயர். சுவரில் பலகை. செய்ய வேண்டியது, செய்துகொண்டிருப்பது, முடிந்தது என்று மூன்று கட்டம். சீட்டு இடமிருந்து வலமாக நகரும். இரண்டு வாரம் முடியும் வெள்ளிக்கிழமை வாடிக்கையாளருக்கு டெமோ. திங்கட்கிழமை பலகையைத் துடைத்துவிட்டுப் புது ஸ்பிரிண்ட்.

நல்ல முறைதான், குறை சொல்ல வரவில்லை. ஆனால் அதற்கு இன்னொரு பாதி இருந்தது. நாட்களை எப்படி நடத்துவது என்பது ஒரு பாதி. ப்ரோகிராமை எப்படி எழுதுவது என்பது மறுபாதி. ஒரே மெஷினில் இரண்டு பேர் உட்கார்ந்து எழுத வேண்டும். எழுதுவதற்கு முன்பே அதைச் சோதிக்கும் டெஸ்டை எழுத வேண்டும். எல்லோருடைய வேலையையும் தினம் பலமுறை ஒன்றாகச் சேர்த்து, எல்லா டெஸ்டும் தேறுகிறதா என்று பார்க்க வேண்டும். முதல் பாதி கண்ணுக்குத் தெரியும். வாடிக்கையாளர் வந்தால் கலர் கலராகக் காட்டலாம். இரண்டாவது பாதியைக் காட்ட முடியாது. எது நிற்கும், எது போகும் என்று அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

முதல் இரண்டு மாதம் இரண்டையும் சேர்த்தே செய்தோம். எனக்கு ஜோடியாக வந்தவள் சாத்தாராப் பக்கத்து மராத்திப் பெண். என்னைவிடச் சின்னவள், வாய் மட்டும் நீளம். நான் எழுத எழுதப் பக்கத்தில் உட்கார்ந்து நோண்டிக்கொண்டே இருப்பாள். "இது ஏன்? அது நடந்தால்? இது காலியாக இருந்தால்?" சில நாள் அவள் தலையில் ஒரு குட்டு வைக்கலாமா என்று தோன்றும். புத்வார் பேட்டைக் கடைத்தெருவில் சிவப்பு ஒன்று, பச்சை ஒன்று என்று இரண்டு ஜீரோ வாட் பல்பு வாங்கிவந்து பலகைக்கு மேலே மாட்டினோம். எல்லா டெஸ்டும் தேறினால் பச்சை. ஒன்று தோற்றாலும் சிவப்பு, எல்லோரும் கை வேலையைப் போட்டுவிட்டு ஓடிவர வேண்டும். அந்தப் பல்புக்கு நாங்கள் உண்மையிலேயே பயந்தோம். நல்ல பயம் அது.

ஆலை ப்ரோகிராமில் ஒரு சிக்கல் இருந்தது. ஷிப்ட் முடிகிற நேரத்தில், அதாவது காலை ஏழு, மதியம் மூன்று, இரவு பதினொன்று, அந்த ஷிப்டின் பதிவு அறிக்கையாக அச்சாக வேண்டும். யாராவது கார்டு தட்டாமல் வீட்டுக்குப் போயிருந்தால் அறிக்கையில் 'வெளியே வந்த நேரம்' காலியாக நிற்கும். ஆலை மேனேஜருக்கு அது பிடிக்கவில்லை. அதனால் ஷிப்ட் முடிந்ததும் மிச்சமிருக்கும் பெயர்களுக்கெல்லாம் அந்த நேரத்தையே போட்டுப் பட்டியலைக் காலியாக்குவது மாதிரி எழுதினேன். அறிக்கை பளிச்சென்று வந்தது.

"நிஜமாகவே யாராவது உள்ளே இருந்தால்?" என்றாள் என் ஜோடிக்காரி.

"மூன்று மணிக்கா? யார் இருப்பார்கள்?"

"இருந்தால்?"

அன்று சாயங்காலம் அண்ணனிடமே கேட்டேன். சிரித்தான். "மூணு மணிக்கு எவன் பாப்பா உள்ள இருப்பான்? பத்து நிமிஷம் முன்னாடியே கை கழுவப் போயிருவோம். பஸ் புடிக்க வேணாமா?" மறுநாள் இதை அவளிடம் சொன்னேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டே ஒரு டெஸ்ட் எழுதினாள். ஒருவன் இரண்டு ஐம்பதுக்கு உள்ளே போகிறான். மூன்று ஐந்துக்கு அவன் பெயர் பட்டியலில் இருக்கிறதா? இல்லை. சிவப்பு பல்பு எரிந்தது.

அதைச் சரிசெய்ய வேண்டுமானால் பதிவுகளை ஷிப்டோடு கட்டிவைத்திருந்த முறையையே பிரித்து மாற்ற வேண்டும். மூன்று நாள் வேலை. கையில் இருந்தது ஒன்றரை நாள். அது புதன்கிழமை, வெள்ளிக்கிழமை டெமோ.

அந்த நேரம் பார்த்து மேனேஜர் ஜோடிகளைப் பிரித்தார். ஒவ்வொரு ஸ்பிரிண்டிலும் எத்தனை சீட்டு முடிகிறது என்று சுவரில் ஒரு கோடு வரைந்துகொண்டு வந்தார், அது மேலே ஏறவில்லை. "ஒரு நாற்காலிக்கு இரண்டு பேர் எதற்கு? ஆளுக்கு ஒரு சீட்டு எடுத்தால் இரட்டிப்பாக முடியுமே" என்றார். அவர் கெட்டவர் இல்லை. மேலிடத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர். என் ஜோடிக்காரி ஜன்னலோர மேஜைக்குப் போனாள். நான் தனியாக உட்கார்ந்தேன். யாரும் நோண்டவில்லை. முதல் ஒரு மணி நேரம் சுகமாகக்கூட இருந்தது, அதைச் சொல்லாமல் விட்டால் பொய்.

வியாழக்கிழமை மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு அந்தக் காரியத்தைச் செய்தேன். எந்த டெஸ்டையும் அழிக்கவில்லை. அந்த டெஸ்டின் தலையில் ஒரு வார்த்தை எழுதினேன். தற்போதைக்கு இதைத் தாண்டிப் போ என்று மெஷினுக்குச் சொல்லும் வார்த்தை. அவ்வளவுதான். பல்பு பச்சைக்கு மாறியது. அறையில் யாரோ கைகூடத் தட்டினார்கள். நான் என் சீட்டைத் தூக்கி 'முடிந்தது' கட்டத்தில் ஒட்டினேன். மனசாட்சிக்கு ஒரு ஏற்பாடாக, மஞ்சள் சீட்டு ஒன்றில் 'ஷிப்ட் தாண்டும் டெஸ்ட், திரும்பக் கொண்டுவர வேண்டும்' என்று எழுதி, பலகையின் அடி ஓரத்தில் ஒட்டினேன். அடுத்த ஸ்பிரிண்டில் முதல் வேலை இதுதான் என்று எனக்கு நானே சத்தியம் செய்துகொண்டேன்.

ஜூன் மாதம். புனேயில் மழை பிடித்துக்கொண்டால் விடாது. அலுவலகத்தில் எதைத் தொட்டாலும் பிசுபிசுப்பு. அந்த ஒட்டும் சீட்டுகளுக்கு ஈரம் ஆகாது. சனி, ஞாயிறு கழித்து வந்து பார்த்தால் பாதிச் சீட்டுகள் தரையில் கிடக்கும், பெருக்கும் அம்மாள் வாரிக்கொண்டு போய்விடுவாள். அந்தத் திங்கட்கிழமை என் மஞ்சள் சீட்டு அங்கே இல்லை. பலகையைத் துடைத்தோம். புதுச் சீட்டுகள் ஒட்டினோம். பலகையில் இல்லாதது வேலையே இல்லை என்பது அந்த முறையின் சட்டம். நான் வாயைத் திறந்து, "ஒரு சீட்டு விழுந்துவிட்டது" என்று சொல்லியிருக்கலாம். கோடு அப்போதுதான் மேலே ஏறியிருந்தது. மேனேஜர் எல்லோருக்கும் வடாபாவ் வாங்கிக் கொடுத்தார். நான் வடாபாவைத் தின்றேன்.

அந்த வாரமே ஆலையில் பொருத்தப் போனோம். நானும் போயிருந்தேன். திரையை மாட்டிவிட்டு மரப்பலகையைக் கழற்றினார்கள். சுவரில் நான்கு ஓட்டை, அதைச் சுற்றி வெளுப்பாகப் பலகை அளவுக்கு ஒரு கட்டம். அண்ணன் புதுக் கார்டைத் தட்டினான். திரையில் அவன் பெயர் சிவப்பாக வந்தது. மறுபடி தட்டினான். பச்சை வந்தது. சின்னப்பிள்ளை மாதிரி நாலைந்து தரம் தட்டிப் பார்த்துவிட்டு, பக்கத்தில் நின்ற ஆபரேட்டரிடம், "மேரி பஹன் நே பனாயா" என்றான். என் தங்கச்சி செய்தது.

"டோக்கன் இன்னா பண்ணே?" என்று கேட்டேன்.

சட்டைப்பையிலிருந்து ஸ்கூட்டர் சாவியை எடுத்துக் காட்டினான். பதினான்காம் நம்பர் டோக்கன் அதில் தொங்கியது. "சும்மா இருக்கட்டும். பன்னெண்டு வருஷம் கூட இருந்துச்சில்ல."

அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். மூன்று மணிக்குப் பக்கத்தில் உள்ளே போகாதே அண்ணா, அதில் இன்னும் ஒரு கோளாறு இருக்கிறது. ஒரே ஒரு வரி. நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் சுற்றி ஆலை மேனேஜர், எங்கள் மேனேஜர், கையில் இனிப்பு டப்பா. இந்த நேரத்தில் என் வேலை அரைகுறை என்று எப்படிச் சொல்வது? அதுவும் அவன் அப்படிப் பெருமையாக நிற்கும்போது? மூன்று மணிக்கு யாரும் உள்ளே இருக்கமாட்டார்கள் என்று அவனே சொல்லியிருக்கிறானே என்று சமாதானம் செய்துகொண்டு ஒரு பேடாவை வாயில் போட்டுக்கொண்டேன்.

அதற்குப் பிறகு தினமும் காலையில் வட்டம். "தடை?" "குச் நஹி." மேலே பச்சை பல்பு. பக்கத்துத் திரையில் டெஸ்ட் எண்ணிக்கைக்குக் கீழே, பொடி எழுத்தில், 'தாண்டியது: ஒன்று' என்று ஒரு வரி தினமும் வரும். அது என் கண்ணுக்கு மட்டும் தெரிவது மாதிரி இருந்தது. இல்லை, இன்னொருத்திக்கும் தெரிந்தது. ஒருநாள் டீ மெஷின் பக்கத்தில் என் ஜோடிக்காரி கேட்டாள்.

"என் டெஸ்ட் என்னாச்சு?"

"அடுத்த ஸ்பிரிண்டில்."

"போன ஸ்பிரிண்டிலும் இதைத்தான் சொன்னாய்."

"உன் வேலையைப் பாரேன்" என்று எரிந்து விழுந்தேன். அவள் முகம் சுருங்கிவிட்டது. அதன்பிறகு கேட்கவில்லை. என்னிடம் கேட்கக்கூடிய ஒரே ஆளின் வாயையும் நானே அடைத்துவிட்டேன்.

நான்காவது வாரத்து வெள்ளிக்கிழமை டெமோ மதியம் இரண்டரைக்கு. மாதாந்திர அறிக்கைகளைக் காட்டுவதாக இருந்தது. ஆலை மேனேஜர் போசரியிலிருந்து மழையில் நனைந்துகொண்டு இருபது நிமிடம் தாமதமாக வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். வரும்போதே, லைன் காலையிலிருந்து தொல்லை கொடுக்கிறது, இன்றைக்கு லாரி கிளம்பியாக வேண்டும், ஃபிட்டரிடம் சரிசெய்துவிட்டுத்தான் வெளியே வர வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன் என்றார். எந்த ஃபிட்டர் என்று நான் கேட்கவில்லை. முதல் ஷிப்டில் அந்த வாரம் யார் என்று எனக்குத் தெரியும். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். இரண்டு ஐம்பத்திரண்டு.

நான்தான் திரை முன்னால் நின்று பேசிக்கொண்டிருந்தேன். வாய் அறிக்கையைப் பற்றிப் பேசியது, கண் கடிகாரத்திலேயே இருந்தது. பத்து நிமிடம் முன்பே கை கழுவப் போயிருப்பான் என்று மனதுக்குள் ஜெபம் மாதிரி சொல்லிக்கொண்டேன். ஓடிப்போய் ஆலைக்கு ஒரு போன் போட்டிருந்தால்? ஆலைக்குள் செல்போனுக்கு அனுமதி இல்லை, வாசல் காவலாளியிடம் சொல்லி அவர் நடந்து போய்ச் சேர ஐந்து நிமிடம். நேரம் இருந்தது. இருந்ததா? இன்றுவரை கூட்டிக் கழித்துப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். மூன்று மணி ஆனது. ஒன்றும் நடக்கவில்லை. பேச்சை முடித்தேன். எல்லோரும் கைதட்டினார்கள். கைதட்டல் அடங்குவதற்குள் ஆலை மேனேஜரின் போன் அடித்தது.

அவர் கேட்டார். எழுந்தார். முதலில் திரையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். என் அண்ணன் யார் என்று அவருக்குத் தெரியும்.

நடந்தது இவ்வளவுதான். அண்ணன் இரண்டு நாற்பத்தொன்றுக்குக் கார்டைத் தட்டிவிட்டு உள்ளே போயிருக்கிறான். சரிசெய்துவிட்டுத்தான் வருவேன் என்று உள்ளேயே இருந்திருக்கிறான். மூன்று மணிக்கு ப்ரோகிராம் அவன் பெயருக்கு நேராக 'வெளியே: மூன்று மணி' என்று போட்டுப் பட்டியலைக் காலியாக்கியது. முதல் ஷிப்ட் ஆபரேட்டர் பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டிருந்தார். இரண்டாம் ஷிப்ட் ஆபரேட்டர் வந்தார், திரையைப் பார்த்தார், பச்சையில் நான் எழுதிய வாக்கியம் இருந்தது, ஸ்விட்சைப் போட்டார். அண்ணனின் வலது கை சங்கிலிக்கும் பல்சக்கரத்துக்கும் நடுவில் இருந்தது.

ஆஸ்பத்திரியில் வலது கையில் கட்டைவிரலைத் தவிர மற்ற நான்கையும் எடுத்துவிட்டார்கள். ஸ்பேனர் பிடிக்கிற கை. அண்ணி அவன் சட்டை, பர்ஸ், சாவி எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு, அழுதுகொண்டே அவனைத் திட்டினாள். "கார்டு தட்டினு வெளிய வந்துட்டாராம், அப்புறம் எதையோ மறந்துட்டேன்னு திரும்ப உள்ள போனாராம், தட்டவே இல்லியாம். கொடை மறக்கறது, டிபன் பாக்ஸ் மறக்கறது, இப்போ உசுரையே மறந்துட்டு போயிருக்காரு மனுஷன்!" ஸ்கூட்டரை ஆலையிலிருந்து எடுத்துவரச் சொல்லிச் சாவியை என்னிடம் கொடுத்தாள்.

இதை யார் சொன்னது என்று கேட்டேன். ஆலையில் சொன்னார்களாம். கம்ப்யூட்டர் பதிவில் அப்படித்தான் இருக்கிறதாம். மூன்று மணிக்கு வெளியே வந்திருக்கிறான். அப்படியானால் தட்டாமல் மறுபடி உள்ளே போனது அவன் தப்பு. என் பளிச்சென்ற அறிக்கை அதற்குச் சாட்சி.

ஞாயிற்றுக்கிழமை அண்ணனுக்கு நன்றாக நினைவு வந்திருந்தது. கட்டுப்போட்ட கையைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு மெதுவாகப் பேசினான்.

"பாப்பா, நான் வெளிய வந்தது எனக்கு ஞாபகமே வரல."

நான் அவன் போர்வையை இழுத்துச் சரிசெய்தேன்.

"ரெண்டு நாளா யோசிச்சிக்கினே இருக்கேன். உள்ள இருந்த மாதிரியேதான் தோணுது. ஆனா கம்ப்யூட்டர்ல இருக்குதே. நீ எழுதுனது பொய் சொல்லுமா? நான்தான் வந்துட்டு மறந்துட்டேன் போல. எனக்குத்தான் புத்தி கெட்டுப்போச்சு. கம்பெனி ஆபீசர் வந்து கேட்டாரு, அப்படியே எழுதிக்கோங்க, என் தப்புதான்னு சொல்லிட்டேன்."

என் ப்ரோகிராமை நம்புவதற்காக அவன் தன் நினைவையே தள்ளிவைத்துவிட்டான். விரல் போனதைக்கூட என்னால் தாங்க முடிந்தது. இதைத் தாங்க முடியவில்லை. வெளியே வந்து ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். கோழை, உள்ளே போய்ச் சொல்ல அப்போதும் தைரியம் வரவில்லை.

திங்கட்கிழமை காலை எல்லோருக்கும் முன்னால் அலுவலகம் போனேன். அந்த டெஸ்டைத் திறந்தேன். அதன் தலையில் நான் எழுதியிருந்த ஒரு வார்த்தையை அழித்தேன். சில விநாடிகளில் சிவப்பு பல்பு எரிந்தது. என் ஜோடிக்காரி வந்தாள், பல்பைப் பார்த்தாள், நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

பத்து மணிக்கு வட்டம் கூடியது. எந்த டெஸ்ட் தோற்றிருக்கிறது என்று பார்த்த மேனேஜருக்கு முகம் வெளுத்துவிட்டது. என்னைத் தனியாக ஓரம்கட்டி, "பதிவு தெளிவாக இருக்கிறது. உன் அண்ணனே ஒப்புக்கொண்டுவிட்டார். இதை இப்போது ஏன் கிளறுகிறாய்?" என்று கெஞ்சினார். அவருக்கும் வீட்டில் குழந்தைகள் இருந்தார்கள். நான் வட்டத்துக்குத் திரும்பினேன். நேற்று என்ன செய்தாய், இன்று என்ன செய்யப் போகிறாய். மூன்றாவது கேள்வி வந்தது. "உண்டு" என்றேன். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு நிமிடத்தில் முடியவில்லை. அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டு ஒரு பிரதியை மேனேஜர் மேஜையில் வைத்தேன். இன்னொன்றை ஆலைக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, அங்கிருந்து ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

அண்ணி சாப்பாடு வாங்கப் போயிருந்தாள். அண்ணன் விழித்துக்கொண்டுதான் இருந்தான்.

"அண்ணா, நீ மறக்கல."

திரும்பிப் பார்த்தான்.

"நீ வெளிய வரவே இல்ல. உள்ளதான் இருந்தே. மூணு மணி ஆனா யாரு உள்ள இருந்தாலும் பேரை எடுத்துடும், வெளிய வந்த மாதிரி டைமும் அதுவே போட்டுக்கும். தப்பு ப்ரோகிராம்ல. நான் எழுதுனதுல."

அவன் முகத்தில் முதலில் வந்தது கோபம் இல்லை, நிம்மதி. தன் புத்தி சரியாகத்தான் இருக்கிறது என்ற நிம்மதி. அது என்னைக் கொன்றது. "அதானே பார்த்தேன்" என்றான், தனக்குத்தானே. "உள்ள இருந்த மாதிரியேதான் இருந்துச்சு." பிறகு என் முகத்தைப் பார்த்து எதையோ புரிந்துகொண்டான்.

"உனக்கு எப்போ தெரியும்?"

பொய் சொல்லியிருக்கலாம். நேற்றுத்தான் கண்டுபிடித்தேன் என்று சொன்னால் நம்பியிருப்பான். நான் சொல்வதை அவன் எப்போதுமே நம்புகிறவன்.

"ஆலையில மாட்டறதுக்கு முன்னாடியே."

பையைத் திறந்து சாவியை எடுத்து அவன் இடது கை பக்கத்தில் வைத்தேன். ஸ்கூட்டர் வீட்டுக்கு வந்துவிட்டது என்று எதையாவது சொல்ல வேண்டியிருந்தது, சொன்னேன். அவன் அந்தப் பித்தளை டோக்கனை இடது கைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தான். திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டினால் தேவலை என்று இருந்தது.

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா போதுமே, பாப்பா" என்றான். "சுவத்துல ஒரு ஆணி அடிச்சி இதை மாட்டிட்டு போயிருப்பேனே."